வரைவது, வரைந்து கொடுப்பது

2009இல் ஒரு சனிக்கிழமை. வார இதழ் ஒன்றின் லே-அவுட் (பக்க வடிவமைப்பு) அறையில், ஏசி குளிரில் விரல்கள் விறைக்க உட்கார்ந்திருந்தேன். மடியில் நான் வரைந்த படம், அம்மாவின் பழைய எக்ஸ்ரே கவருக்குள். அதற்கு முன் என் படங்களைப் பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டுவதற்காகவே பார்த்தவர்கள். அப்பா பெரம்பூர் ஐ.சி.எஃப்பில் ஃபிட்டர். நான் பத்தாவதில் வரைந்த விவேகானந்தரை ஷெட்டுக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டிவிட்டு, கிரீஸ் விரல் ரேகையோடு திருப்பிக் கொண்டுவந்தவர். அப்படிப்பட்ட ரசிகர்கள்தான் எனக்கு.

நான் கொண்டுபோனது ஒரு சிறுகதைக்கான படம். கிழவி ஒருத்தி வாசற்படியில் உட்கார்ந்து அழுகிறாள், பின்னால் மருமகள் கதவைச் சாத்துகிறாள். 2பி, 4பி, 6பி என்று பென்சில் மாற்றி மாற்றி மூன்று ராத்திரி ஷேடிங் செய்திருந்தேன். லே-அவுட் அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்துபோய் ஜெராக்ஸ் மெஷினில் 40 சதவீதத்துக்குச் சுருக்கி ஒரு காப்பி எடுத்து வந்து மேஜைமேல் போட்டார்.

"இதுல யாரும்மா அழறா?"

கிழவியையும் காணோம், கண்ணீரையும் காணோம். வாசற்படியில் சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டை. மருமகள் கதவோடு கதவாகக் கரைந்துபோயிருந்தாள்.

"உங்க படம் இந்த சைஸ்லதான் வரும். இந்தப் பேப்பர்லதான் வரும்" என்று பழைய இதழ் ஒன்றைப் பிரித்து, பக்கத்தை விரலால் தேய்த்துக் காட்டினார். "இது மை குடிக்கிற பேப்பர். நீங்க மெல்லிசா ஒண்ணு போட்டா காணாமப் போயிடும். நெருக்கமா நாலு கோடு போட்டா ஒட்டிக்கும். கோடா போட்டுட்டு வாங்க, பாக்கலாம்."

வரையத் தெரிவது ஒன்று, வரைந்து கொடுக்கத் தெரிவது இன்னொன்று என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தக் 'கொடுப்பதற்குள்' எல்லாம் இருக்கிறது: யாருக்கு, எந்த அளவில், எந்தத் தேதிக்குள், என்ன காசுக்கு. கார்ட்டூன், இல்லஸ்ட்ரேஷன் என்று தொழிலுக்குத் தயாராகும் பிள்ளைகள் என்னிடம் வந்தால் முக்கால்வாசிப் பேர் எந்த டேப்லெட் நல்லது, எந்த பிரஷ் செட் வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். கேட்கட்டும், தப்பில்லை. ஆனால் என்னைப் பதினாறு வருஷமாக அலையவிட்டது அந்தக் 'கொடுக்கிற' பாதிதான்.

நான் படித்தது பி.காம். அப்போது பாரிமுனையில் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஜெராக்ஸ் பாடத்துக்குப் பிறகு செய்த முதல் காரியம், ஆண்டர்சன் தெருவில் வழவழப்பான கெட்டி அட்டை, ஒரு நிப், ஒரு பாட்டில் கறுப்பு மை வாங்கியது. அச்சில் வரும் அளவைப்போல ஒன்றரை மடங்கில் வரைவது, முடிந்ததும் அலுவலக ஜெராக்ஸில் சுருக்கிப் பார்ப்பது. மேனேஜருக்குத் தெரியாமல்தான். இரண்டு மாதத்தில் கை தானாகவே கோடுகளுக்கு நடுவில் இடம் விட ஆரம்பித்தது. இன்றைக்குத் திரையில் வரைகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று தோன்றும். இருக்கிறது, இன்னும் மோசமாகவே இருக்கிறது. திரையில் எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கி கண் இமையின் மூன்றாவது மயிரை வரையலாம், அச்சில் அந்த முகமே கடலை அளவுதான் இருக்கும். அதனால் நான் இன்றும் அரை மணிக்கு ஒருமுறை படத்தைச் சுருக்கித் தீப்பெட்டி அளவில் வைத்துப் பார்ப்பேன். தீப்பெட்டி அளவில் யார் என்ன செய்கிறார் என்று தெரியாவிட்டால், பெரிதாக்கி என்ன நகாசு வேலை செய்தாலும் பிரயோஜனம் இல்லை.

அச்சு விஷயத்தில் இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தர மாட்டார்கள். வண்ணப் படம் அச்சாகும் அளவிலேயே 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, இருக்க வேண்டும். ஏ4 பக்கம் என்றால் 2480க்கு 3508 பிக்சல். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். வெறும் கறுப்புக் கோட்டுப் படமென்றால் 300 போதாது, 600க்குக் குறையாமல் ஸ்கேன் எடுங்கள், 1200 நல்லது. இல்லாவிட்டால் கோட்டின் ஓரம் ரம்பப் பல்போல இருக்கும். வண்ணப் படத்திலும் கறுப்புக் கோடு கறுப்பு மையில் மட்டும் இருக்கட்டும். வண்ண அச்சின் நான்கு மையும் (நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு) கலந்த கறுப்பாக இருந்தால், அச்சுத் தகடு ஒரு நூல் நகர்ந்தாலும் கோட்டுக்குப் பக்கத்தில் சிவப்பும் நீலமுமாய் நிழல் விழும். இதை நான் ராயப்பேட்டையில் ஒரு அச்சகத்தில் மிஷின் பக்கத்திலேயே நின்று பார்த்துக் கற்றேன். ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு ஷீட்டை உருவி லென்ஸை வைத்து, "பாருங்க, உங்க ஹீரோவுக்கு ரெண்டு மூக்கு" என்றார். ஒருநாள் முழுக்க அச்சகத்தில் போய் நில்லுங்கள். டீ வாங்கிக்கொடுத்தால் எல்லாம் சொல்லுவார்கள்.

சரி, கை பழகுவதற்கு வருவோம்.

பெரம்பூரிலிருந்து பீச் ஸ்டேஷனுக்கு மின்சார ரயில். வியாசர்பாடி ஜீவா, வண்ணாரப்பேட்டை, ராயபுரம், பீச். நான்கு இடைவெளி. ஒரு இடைவெளிக்கு ஓர் ஆள் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். ரயில் நின்றால் பென்சிலும் நிற்க வேண்டும், பாதியில் இருந்தாலும். போக நான்கு, வர நான்கு, ஒரு நாளைக்கு எட்டு ஆள். முகத்தை வரைய நேரம் இருக்காது என்பதே இதில் பெரிய லாபம். முகம் வரைய ஆரம்பித்தால் அழகாக வரைய ஆசை வந்துவிடும். முகம் இல்லாமல் வரைந்தால், ஆள் எப்படி நிற்கிறார் என்பதைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. இருபத்தைந்து வயதுப் பையன் கம்பியைப் பிடிப்பதும், ரிட்டையர்டு ஆன ஒருவர் பிடிப்பதும் வேறு வேறு. பையன் விரலால் தொங்குவான், பெரியவர் உள்ளங்கையால் பற்றுவார். மடியில் டிபன் பை வைத்திருக்கும் பெண்கள் பெரும்பாலும் இரண்டு கையையும் பையின் மேல் வைத்துத் தூங்குகிறார்கள். தூக்கத்திலும் பிடி தளராது.

ராயபுரத்தில் மீன்காரம்மாக்கள் ஏறுவார்கள், காசிமேட்டிலிருந்து வருகிறவர்கள். தலையில் அன்னக்கூடையோடு பிளாட்பாரத்தில் நடப்பதை ஆறு மாதம் வரைந்திருப்பேன், ஒன்றுகூட சரியாக வரவில்லை. கூடை எப்போதும் ஒட்டவைத்ததுபோலவே இருக்கும். ஒருநாள் ஒரு அம்மாவை யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். அவர் தலையைத் திருப்பவில்லை. முதலில் கண் போனது, அப்புறம் இடுப்போடு மொத்த உடம்பும் சுற்றியது. கழுத்து மட்டும் அசையவே இல்லை. கூடையின் கனம் கழுத்தில்தான் இருக்கிறது, நான் அதைக் கையில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றிலிருந்து கூடை சரியாக உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடைகள். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு பண்ணி வைப்பது ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு நடந்த காரியம். அந்த வீடுகள் ஃபிளாட் ஆனபோது பைண்டு புத்தகங்கள் எடைக்குப் போய், இங்கே வந்து சேர்ந்தன. கதை பாதி இருக்காது, கரையான் தின்றிருக்கும். படம் இருக்கும். எனக்கு அதுதான் கல்லூரி. கோபாலன் கோபுலு ஆனதும், சீனிவாசன் சில்பி ஆனதும் ஆனந்த விகடனில் ஓவியர் மாலி வைத்த பெயரால். ஒரே குருவிடம் இருந்து வந்த இரண்டு கைகள் எவ்வளவு வேறாக இருக்கின்றன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். சில்பி கோயில் கோயிலாகப் போய், சிற்பத்துக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்தவர். கல்லின் ஒவ்வொரு ஆபரணமும் இருக்கும். கோபுலு நாலே கோட்டில் ஒரு வீட்டையே காட்டிவிடுவார். முதுகைப் பார்த்தாலே அந்த ஆள் கடன் கேட்க வந்தவரா, கொடுத்ததைத் திருப்பிக் கேட்க வந்தவரா என்று தெரியும். இதில் யாரைப் பின்பற்றுவது என்று கேட்டால், தெரியாது. நான் முதலில் சில்பி மாதிரி வரைய முயன்றேன், பொறுமை இல்லை. கோபுலு மாதிரி முயன்றேன், அது இன்னும் கஷ்டம் என்று தெரிந்தது. நாலு கோட்டில் ஒன்று தப்பினாலும் நூற்றுக்கு இருபத்தைந்து போய்விடும் அல்லவா.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஒரு வருஷம் ஓவியர் மாருதியின் அட்டைப்படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்ததில், நான் போட்ட அத்தனை பெண்களுக்கும் அவருடைய பெண்களின் கன்னம் வந்துவிட்டது. மீன்காரம்மாவுக்கும் அதே கன்னம். அதைக் கையிலிருந்து உதற மறுபடி ரயிலில்தான் ஆறு மாதம் போனது.

கவின் கலைக் கல்லூரியில் சேர வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: பெரியமேட்டில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் டாக்டர் தொடங்கியது. அம்புலிமாமாவில் விக்கிரமனையும் தோளில் வேதாளத்தையும் வரைந்த சங்கர் அங்கே படித்தவர், உழைப்பாளர் சிலையைச் செய்த தேவிபிரசாத் ராய் சவுத்ரி முதல்வராக இருந்த காலத்தில். அந்தப் பிணத்தின் கனம் ராஜாவின் தோளில் எப்படி இறங்கியிருக்கிறது என்று பார்த்தால், அங்கே உட்கார்ந்து உடம்பு வரைந்த பயிற்சி தெரியும். பதினேழு வயது, நுழைவுத் தேர்வுக்குத் தயாராக நேரம் இருக்கிறது, வீட்டில் நான்கு வருஷம் தாங்குவார்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போங்கள். தினமும் எதிரில் ஓர் ஆளை உட்காரவைத்து வரைவது வெளியே கிடைக்காத விஷயம். ஆனால் இருபத்துநாலு வயதில் மாதச் சம்பளத்தோடு, சேர முடியவில்லையே என்று அழுதுகொண்டிருப்பதில் அர்த்தமில்லை. ஆறுதலுக்கு எல்லோரும் கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லட்சுமணனை இழுப்பார்கள், மும்பை ஜே.ஜே. கலைப் பள்ளி அவருக்கு இடம் தரவில்லை என்று. உண்மைதான். அந்தக் கதையின் மற்ற பாதியை யாரும் சொல்வதில்லை: மைசூரில் கல்லூரியில் படிக்கும்போதே அண்ணன் ஆர்.கே. நாராயண் எழுதிய கதைகளுக்கு அவர் தி ஹிந்துவில் படம் போட்டுக்கொண்டிருந்தார். இடம் கிடைக்காததால் அவர் லட்சுமணன் ஆகவில்லை.

இனி வருவதுதான் தமிழில் கார்ட்டூன் போடுகிறவர்களுக்கே உரிய தலைவலி. எழுத்து.

என் முதல் கார்ட்டூன் ஒன்றில், பள்ளி வாசலில் ஒரு அப்பா, ஒரு வாட்ச்மேன். ஆட்களை ஆசையாக வரைந்து முடித்துவிட்டு, மிச்சம் இருந்த வானத்தில் வசனத்துக்குப் பலூன் போட்டேன். வசனம், "அட்மிஷன் விண்ணப்பத்தை எங்கே கொடுக்க வேண்டும்?" 'விண்ணப்பத்தை' என்ற ஒரு சொல்லே பலூனின் அகலத்தை முழுங்கிவிட்டது. தமிழ்ச் சொல் நீளம், நடுவில் நினைத்த இடத்தில் உடைக்கவும் முடியாது. மேலே புள்ளியும் சுழியும், கீழே உகரத்தின் வாலும் இருப்பதால் வரிகளை நெருக்கவும் முடியாது. எழுத்தைச் சிறிதாக்கினேன். இதழ் வந்தபோது அப்பாவே பேப்பரைத் தூரமாகப் பிடித்து, கிட்டே பிடித்து, "என்ன சொல்றான் இவன்?" என்றார். அன்றிலிருந்து வசனத்தை எழுதி, வெட்டி, பலூனை முதலில் வைத்துவிட்டுத்தான் ஆட்களுக்கு இடம் ஒதுக்குகிறேன். வெட்டுவது என்றால் உண்மையிலேயே வெட்டுவது. "அட்மிஷன் ஃபாரம் எங்க குடுக்கணும்?" போதும். இன்னும் வெட்டினால், அப்பா ஃபாரத்தை நீட்டிக்கொண்டு நிற்பதை வரைந்துவிட்டு, "எங்க?" என்று மட்டும் போடலாம்.

கம்ப்யூட்டருக்கு மாறியபோது இன்னொரு கூத்து. ஒரு பொங்கல் இதழுக்குப் படம், அதில் 'பொங்கலோ பொங்கல்' என்ற வசனம். என் பக்கத்தில் சரியாக இருந்தது, அச்சில் ஒற்றைக்கொம்பு பகரத்தைத் தாண்டிப் போய், ஒரு புள்ளி வட்டத்தோடு தனியாக நின்றது. இரண்டு பொங்கலிலும். போட்டோஷாப்பில் எழுத்து அமைப்புகளுக்குள் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்காவிட்டால் கொ, கே, கை எல்லாம் இப்படித்தான் சிதறும். பக்கம் கட்டும் இன்டிசைன் மென்பொருளிலும் அதே பெயரில் ஒரு கம்போசர் உண்டு. நீங்கள் இயக்கினாலும் வாங்குகிறவர் மிஷினில் இயக்கியிருப்பார்கள் என்று நம்பக் கூடாது. அனுப்புவதற்கு முன் எழுத்தை அவுட்லைனாக மாற்றிவிடுங்கள், அப்போது எழுத்தும் படமாகிவிடும், யாராலும் சிதறடிக்க முடியாது. பிழைதிருத்தக் கேட்பார்கள் என்பதால் மாற்றாத பிரதி ஒன்று உங்களிடம் தனியாக இருக்கட்டும். இதைவிட நல்ல வழி உங்கள் கையெழுத்தையே பழக்குவது. கையால் எழுதிய பலூனில் கோட்டுக்கும் எழுத்துக்கும் ஒரே ரத்தம் ஓடும், எந்த ஃபான்ட்டும் அதைத் தராது. எனக்கு அது வர மூன்று வருஷம் பிடித்தது, இன்றும் ணகரம் கொஞ்சம் சறுக்கும்.

குழந்தைகள் புத்தகத்துக்கு வந்தது தற்செயலாக. சென்னையில் தூலிகா, தாரா என்று குழந்தைகளின் படப் புத்தகங்களுக்குப் பெயர் வாங்கிய பதிப்பகங்கள் இருக்கின்றன. அவர்களுடைய புத்தகங்களை நூலகத்தில் எடுத்து பக்கம் பக்கமாக எண்ணிப் பார்த்தேன். 24, 32 என்று பக்கங்கள் எட்டின் மடங்கில்தான் ஓடும், பெரிய தாளை மடித்து வெட்டுவதால். அதனால் கதையை முதலில் அத்தனை சின்னக் கட்டங்களாக ஒரே தாளில் கிறுக்கிப் பார்ப்பேன். நடு மடிப்பில் முகம் விழக் கூடாது. என் முதல் புத்தகத்தில் யானையின் கண் சரியாக மடிப்பில் போய் ஒளிந்துகொண்டது. இன்னொன்று, ஒரே ஆளை முப்பது பக்கமும் அதே ஆளாக வரைவது. முன், பின், பக்கவாட்டு, உட்கார்ந்து, ஓடி என்று ஒரு தாள் தயார்செய்து சுவரில் ஒட்டாமல் ஆரம்பிக்காதீர்கள். நான் ஒட்டாமல் ஆரம்பித்தேன். புத்தகத்தை ஒரு பள்ளியில் படித்துக் காட்டியபோது இரண்டாம் வகுப்புப் பெண் கை தூக்கி, "ஆன்ட்டி, ரிப்பன் மாறிடுச்சு" என்றாள். எடிட்டர், அச்சகம், நான், ஒருவர் கண்ணிலும் படாதது. பதினாலாம் பக்கத்தில் கதாநாயகிக்கு சிவப்பு ரிப்பன் பச்சையாகியிருந்தது.

அரசியல் கார்ட்டூன் எனக்கு ஒத்துவரவில்லை, கொஞ்ச நாள் போட்டுப் பார்த்தேன். அதற்குப் போகிறவர்கள் இரண்டு சம்பவங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு ஜோக்குக்காக சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. சிறைக்குப் போனது ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன். சில நாளில் விடுதலையானார். 2017இல் நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் ஒரு குடும்பம் தீக்குளித்ததை வைத்து வரைந்த கார்ட்டூனுக்காக கார்ட்டூனிஸ்ட் பாலாவை அவருடைய வீட்டுக்கே வந்து கைது செய்தார்கள். அவர் அதை வெளியிட்டது தன் ஃபேஸ்புக் பக்கத்தில். முதல் சம்பவத்தில் ஜோக்குக்கு முன்னால் ஒரு பத்திரிகை நின்றது. இரண்டாவதில் வரைந்தவரே ஆசிரியர், வரைந்தவரே வெளியீட்டாளர். பயந்து ஒதுங்கச் சொல்லவில்லை. தனியாகப் போடுகிறவர்கள் ஒரு வக்கீல் நண்பரின் நம்பரை வைத்துக்கொள்ளுங்கள், யாரைக் கிண்டல் செய்கிறோம், எந்தத் தகவலை நம்பிச் செய்கிறோம் என்று ஒருமுறை சரிபாருங்கள்.

இப்போது காசு. இதில்தான் பி.காம். எனக்குக் கை கொடுத்தது, அதுவும் ஒரு அடி வாங்கிய பிறகு.

ஒரு பதிப்பகத்துக்கு 22 படங்கள் போட்டுக்கொடுத்தேன். பேசியதெல்லாம் போனில். பணம் ஒழுங்காகவே வந்தது. இரண்டு வருஷம் கழித்து நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி. மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிறேன், முன்னால் நின்ற அம்மாவின் கைப்பையில் என் யானை. அதே யானை, அதே மடிப்பில் ஒளிந்த கண். உள்ளே போய்ப் பார்த்தால் காலண்டரில் ஒன்று, ஜிக்சா அட்டையில் ஒன்று, வேறொரு கதைப் புத்தகத்தின் அட்டையிலும் ஒன்று. எதிலும் என் பெயர் இல்லை. கேட்டதற்கு, "அதான் அப்பவே பணம் வாங்கிட்டீங்களேம்மா" என்றார்கள். கோபத்தில் பஜ்ஜியைப் பாதியில் போட்டதுதான் மிச்சம். என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

அப்புறம்தான் 1957ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். வரைந்தவருக்குத்தான் உரிமை என்று பொதுவாக எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் 17ஆம் பிரிவில், காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறுமாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவரே முதல் உரிமையாளர் என்று ஒரு வரி இருக்கிறது. அதனால் எழுதி வாங்காவிட்டால் வாதாடும் சுமை நம் தலையில். உரிமையை எழுதிக்கொடுக்கிறோம் என்றால் 19ஆம் பிரிவின்படி அது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருஷம் என்று சொல்லாவிட்டால் ஐந்து வருஷம், எங்கெல்லாம் என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். உரிமையை விற்றபிறகும் இது நான் வரைந்தது என்று உரிமைகொண்டாடுவதற்கு 57ஆம் பிரிவு இருக்கிறது. இதெல்லாம் தெரிந்தபிறகு நான் வழக்கு ஒன்றும் போடவில்லை. ஒரு பக்கத்தில் ஒரு கடிதம் தயார்செய்தேன், அவ்வளவுதான். எத்தனை படம், எதற்காக, எந்தப் பதிப்புக்கு, என்ன தொகை, பாதி முன்பணம், பென்சில் கட்டத்தில் இரண்டு திருத்தம் இலவசம், மூன்றாவதிலிருந்து தனிக் கணக்கு, என் பெயர் எங்கே வரும், வேறு பொருளில் போட்டால் மறுபடி பேச வேண்டும். அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் இரண்டு பேர் வேண்டாம் என்று போனார்கள். போனது நல்லதுக்குத்தான் என்று அன்றைக்கு அம்மா சொன்னபோது எரிச்சலாக இருந்தது.

கம்பெனிகள் பணம் கொடுக்கும்போதே பெரும்பாலும் 10 சதவீதத்தை டி.டி.எஸ். என்று வருமான வரிக்காகப் பிடித்துக்கொள்வார்கள். பிடித்ததை உண்மையில் கட்டினார்களா என்று வருமான வரித் தளத்தில் உங்கள் வரிக் கணக்கைப் பாருங்கள், அதிகமாகப் பிடித்திருந்தால் வருமான வரித் தாக்கல் செய்து திருப்பி வாங்குங்கள். எனக்குத் தெரிந்த நல்ல ஓவியர்கள் பலர் இதைத் தானமாக விட்டுவிடுகிறார்கள். ஒரு நோட்டில் வேலை, தேதி, பில் எண், பணம் வந்த நாள் என்று நான்கு பத்தி போதும். வேலையை விடும் முன் இந்த நோட்டில் ஒரு வருஷக் கணக்குப் பார்த்தேன். படத்தால் வந்தது சம்பளத்தில் பாதியைத் தொட்ட பிறகும், ஆறு மாதச் செலவுக்கு பேங்கில் பணம் சேரும்வரை பொறுத்துக்கொண்டுதான் ராஜினாமா கடிதம் கொடுத்தேன். 2013 அது. அப்பா மூன்று நாள் பேசவில்லை.

டெட்லைன் பற்றி வீராவேசமாகச் சொல்ல ஒரு கதை வைத்திருக்கிறேன், ஆனால் அது என்னைத்தான் கேலி செய்யும். 2015 டிசம்பர் வெள்ளம். எங்கள் பக்கம் கரண்ட் இல்லை, டவர் இல்லை. டேப்லெட் செத்துவிட்டது. பழைய நிப்பையும் மையையும் தேடி எடுத்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு தொடர்கதைக்குப் படம் போட்டு, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, முழங்கால் தண்ணீரில் நடந்து, கிடைத்த வண்டியில் தொற்றி அலுவலகம் போய்ச் சேர்ந்தேன். பூட்டியிருந்தது. வாட்ச்மேன் அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்து, "இந்த மழையில எவன்மா பேப்பர் போடுறான்?" என்றார். அந்தப் படம் இன்றும் என்னிடம் இருக்கிறது, அடுத்த வாரம் கதையையே மாற்றிவிட்டார்கள். ஆனாலும் கையால் வரையும் பழக்கத்தை விடாததற்கு அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன்.

வேலை கேட்டுப் போகும்போது என்ன கொண்டுபோவது என்பது தனிக் கலை. பன்னிரண்டு படம் போதும். நடிகர் முகமும் கடவுள் படமும் வேண்டாம், எல்லோரும் அதைத்தான் கொண்டுவருகிறார்கள். ஒரு கூட்டம், ஒரு சமையலறை, மழையில் ஒரு தெரு, ஒரே ஆள் ஐந்து மனநிலையில், தமிழ் வசனத்தோடு ஒன்று, கறுப்பு வெள்ளையில் குறைந்தது நான்கு. அப்புறம் ஒரு சைக்கிள். பார்க்காமல் சைக்கிள் வரையச் சொன்னால் பத்துக்கு எட்டு பேர் செயினை முன்சக்கரத்தில் மாட்டிவிடுகிறார்கள். ஆட்டோவும் அப்படியே, தினமும் ஏறுகிறோம், ஹேண்டில்பார் எங்கிருந்து வளைகிறது என்று கேட்டால் முழிப்போம். நான் வேலைக்கு ஆள் எடுத்தால் சைக்கிளைத்தான் முதலில் பார்ப்பேன்.

இப்போது ஏஐ படம் போடுகிறதே, இனி நாம் எதற்கு என்று கேட்கிறார்கள். சின்னச் சின்ன வேலைகள் போய்விட்டன, பொய் சொல்லமாட்டேன். யூடியூப் முகப்புப் படத்துக்குக் கூப்பிட்ட மூன்று பேர் இப்போது கூப்பிடுவதில்லை. புதிதாக வந்திருப்பது, மிஷின் போட்ட படத்தைக் கொண்டுவந்து, "லேசா சரி பண்ணிக் கொடுங்க மேடம்" என்பது. போன மாதம் ஒருவர் கொண்டுவந்த பொங்கல் படத்தில் பானை எரிகிறது, அடுப்பு இல்லை. பாட்டி புடவைக்கு முந்தானை இரண்டு பக்கமும். சரி பண்ண முடியாது சார், புதிதாகத்தான் வரைய வேண்டும், அதற்கு முழுக் கட்டணம் என்றேன். போனவர் பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மெயில் வந்திருக்கிறது. ஒரு பாடப் புத்தகத்துக்குப் போட்ட ஆட்டுக்குட்டிக்குக் கண்ணிமை வேண்டுமாம், கொஞ்சம் சிரிக்கவும் வேண்டுமாம். இது மூன்றாவது திருத்தம். கடிதத்தில் உள்ளபடி தொகையை எழுதி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.